ஃபாலோ பட்டனை அழுத்தினால் கூப்பன் வருமா?

"அந்தக் கம்பெனியை ஃபாலோ பண்ணி வை, ஆஃபர் எல்லாம் தானா வரும்." நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் யோசனைதான். அதை நம்பிச் சமூக ஊடகங்களில் நாற்பது ஐம்பது பிராண்டுகளை ஃபாலோ செய்தவர்களின் ஃபீடில், அதாவது செயலியைத் திறந்ததும் வரிசையாக வரும் பதிவுகளில், வந்து நிறைவதோ புதுப் பொருள்களின் படங்கள். கூப்பன் வந்ததே கண்ணில் படாது. பட்டால் காலாவதியாகியிருக்கும். காலாவதியாகாமல் இருந்தால் "இந்தக் குறியீடு உங்கள் கூடைக்குப் பொருந்தாது" என்று திரையில் சிவப்பு எழுத்து வரும்.

இதில் துரதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை. ஃபாலோ, ஃபீட், கூப்பன் மூன்றும் தனித்தனி இயந்திரங்கள். ஒன்றின் பொத்தானை அழுத்தினால் மற்ற இரண்டும் ஓடும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

## இந்த நம்பிக்கை எப்படி வந்தது

அடியோடு தவறு என்றும் தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் அது நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. ஃபேஸ்புக்கில் ஒரு பிராண்டின் பக்கத்துக்குப் போனால், பூட்டிய கதவு போல ஒரு படம் நிற்கும். லைக் போட்டால் கதவு திறக்கும், உள்ளே கூப்பன் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு 'லைக் கேட்' என்று பெயர். லைக்குகள் குவிந்தன. ஆனால் போட்டவர்களில் பலருக்கு அந்தக் கூப்பனைத் தவிர அந்தப் பிராண்டிடம் வேறு வேலை கிடையாது. பக்கத்துக்கு லைக் போட்டால்தான் பரிசு என்று எந்தச் செயலியும் நிபந்தனை வைக்கக் கூடாது என்ற ஃபேஸ்புக்கின் விதி 2014 நவம்பர் 5 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கதவு போய்விட்டது, பேச்சு மட்டும் இன்னும் உலவுகிறது.

## ஃபாலோ செய்வது சந்தா கட்டுவது அல்ல

பத்திரிகைக்குச் சந்தா கட்டினால் ஒவ்வோர் இதழும் வீடு தேடி வரும். ஃபாலோ அந்த வகை இல்லை. நூலகரிடம் "எனக்குத் தோட்டக்கலையில் ஆர்வம்" என்று சொல்லி வைப்பதற்குச் சமம். அவர் மறக்க மாட்டார். ஆனால் நீங்கள் அடுத்த முறை உள்ளே வரும்போது மேசைமேல் எந்தப் புத்தகங்களை எடுத்து வைப்பது என்பது அவர் முடிவு. போன வாரம் நீங்கள் பயண நூல் ஒன்றை அரை மணி நேரம் புரட்டியதை அவர் பார்த்திருக்கிறார். மேசைமேல் முதலில் இருக்கப்போவது பயண நூல்தான்.

அந்த நூலகர்தான் அல்காரிதம்: யாருக்கு எந்தப் பதிவை, எந்த வரிசையில் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்கு. இன்ஸ்டாகிராம் 2016இல் நேர வரிசையைக் கைவிட்டு இந்தக் கணக்குக்கு மாறியது. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுத்து, பிராண்டுகளின் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாகவே அறிவித்தது. விளம்பரக் காசு செலவழிக்காமல் ஒரு பதிவு எத்தனை பேர் கண்ணில் படுகிறதோ, அதற்கு 'ஆர்கானிக் ரீச்' என்று பெயர். அந்த மாற்றங்களுக்குப் பிறகு பிராண்டுகளுக்கு அது சுருங்கிவிட்டது.

கூப்பன் பதிவின் நிலை இன்னும் மோசம். அல்காரிதம் மதிப்பெண் போடுவது எதற்கு? மக்கள் நின்று பார்த்தார்களா, கமெண்ட் போட்டார்களா, பிறருக்கு அனுப்பினார்களா என்பதற்கு. கூப்பன் பதிவைப் பார்ப்பவரோ குறியீட்டை மட்டும் குறித்துக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார். கூப்பன் 2 நாள்தான் செல்லும், ஃபீட் அதை 3ஆம் நாள் உங்களிடம் கொண்டுவருகிறது என்பதெல்லாம் சர்வ சாதாரணம். ஸ்டோரியில் போட்டாலோ அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.

"கமெண்ட்டில் 'ஆஃபர்' என்று எழுதுங்கள், மெசேஜில் குறியீடு வரும்" என்று பல பிராண்டுகள் கேட்பது இதனால்தான். உங்கள் கமெண்ட் அந்தப் பதிவை மேலே தள்ளுகிறது. அது முதல் லாபம். வந்த மெசேஜுக்கு நீங்கள் பதில் அனுப்பினால் இரண்டாவது லாபம்: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டின் தாய் நிறுவனமான மெட்டாவின் விதிப்படி, நீங்கள் மெசேஜ் அனுப்பியதிலிருந்து 24 மணி நேரம் வரை அந்தப் பக்கம் உங்களுக்கு விளம்பர மெசேஜ்களும் அனுப்பலாம். குறியீடு வாங்கிய மறுநாள்வரை மெசேஜ் பெட்டி ஏன் சூடாக இருக்கிறது என்று இப்போது புரியும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஃபாலோ ஒரு விருப்பக் குறிப்பு, விநியோக உத்தரவாதம் இல்லை. கூப்பன் உங்களை வந்தடைய வேண்டுமானால் நீங்கள் வேறு சிலவற்றைச் செய்ய வேண்டும். அதற்கு முன், கூப்பன் எதற்கு இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

## கூப்பனுக்கு இரண்டு வேலை

முதல் வேலை பிரிப்பது. சந்தையில் ஒருவர் விலையைக் கேட்டதும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். இன்னொருவர் நின்று பேரம் பேசுகிறார். வியாபாரிக்கு இருவருமே வேண்டும். ஆனால் பேரம் பேசாதவருக்கும் விலையைக் குறைப்பதில் அவருக்கு என்ன லாபம்? ஒரே பொருளை ஆளுக்கேற்ற விலையில் விற்கும் இந்த முறையைப் பொருளாதாரத்தில் விலைப் பாகுபாடு என்பார்கள். கூப்பன் அதன் இணைய வடிவம். தேடி, குறியீட்டைக் குறித்து, உரிய பெட்டியில் போடும் சிரமம் இருக்கிறதே, அதுதான் பேரம். சிரமப்படுகிறவருக்கு விலை குறைகிறது. பிராண்ட் கூப்பனை முகப்பில் பெரிய எழுத்தில் போடாமல் ஒளித்து வைப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. எல்லார் கையிலும் போய்விட்டால் அது கூப்பனே இல்லை, வெறும் விலைக் குறைப்பு.

இதிலிருந்து ஃபாலோ செய்கிறவர்களுக்குக் கசப்பான ஒரு முடிவு வருகிறது. எப்படியும் வாங்கப்போகிறவருக்குத் தள்ளுபடி கொடுப்பது பிராண்டின் கணக்கில் நஷ்டம். ஆசையாக ஃபாலோ செய்து, எல்லாப் பதிவுக்கும் இதயம் போடுகிற பழைய வாடிக்கையாளர் எப்படியும் வாங்குவார் என்றே கணக்குப் போடப்படும். பெரிய தள்ளுபடிகள் போவது மூன்று பேருக்கு: இதுவரை வாங்காதவர், பொருளைக் கூடையில் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனவர், ரொம்ப நாளாக எட்டிப் பார்க்காதவர். கடையில் கணக்குத் தொடங்கி, உள்நுழைந்து, பொருளைக் கூடையில் போட்டுவிட்டு ஓரிரு நாள் பேசாமல் இருப்பவருக்கு மின்னஞ்சலில் குறியீடு வருவதுண்டு. எல்லாக் கடைகளும் அனுப்புவதில்லை. அனுப்பும் கடையில் அது ஃபாலோவுக்குக் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் நல்ல தொகை.

இரண்டாவது வேலை அளப்பது. ஒரே 10 சதவீதத் தள்ளுபடிக்கு ஸ்டோரியில் ஒரு குறியீடு, மின்னஞ்சலில் ஒன்று, இன்ஃப்ளுயன்சர் ஒருவரின் வீடியோவில் இன்னொன்று என்று பிராண்ட் கொடுக்கும். மாதக் கடைசியில் எந்தக் குறியீடு எத்தனை முறை பயன்பட்டது என்று எண்ணினால் எந்த வழியில் செலவழித்த காசு பலன் தந்தது என்று தெரிந்துவிடும். இன்ஃப்ளுயன்சரின் பெயரிலேயே குறியீடு இருந்தால், அதில் நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் அவருக்குக் கமிஷன் போவது வழக்கம். உங்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. அவர் குரலில் இருக்கும் உற்சாகத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை மட்டும் அதற்கேற்ப முடிவு செய்துகொள்ளுங்கள்.

குறியீட்டில் இரண்டு வகை உண்டு. பொதுக் குறியீடு எல்லாருக்கும் ஒரே சொல். படிக்கக்கூடிய சொல்லாக இருக்கும், யாரும் பயன்படுத்தலாம், சீக்கிரம் பரவும், பரவியதும் நிறுத்தப்படும். தனிக் குறியீடு எழுத்தும் எண்ணும் கலந்த குப்பை போல இருக்கும். ஒருவருக்கு, ஒரு முறை. கூப்பன் தளங்களில் அள்ளிப் போட்டிருக்கும் குறியீடுகளில் பல வேலை செய்யாததற்கு இதுவே காரணம்: ஒன்று நிறுத்தப்பட்ட பொதுக் குறியீடு, இல்லையென்றால் யாரோ ஏற்கெனவே பயன்படுத்திவிட்ட தனிக் குறியீடு.

## ஒரு கூப்பனைப் பிரித்துப் பார்ப்போம்

"20 சதவீதம் தள்ளுபடி! குறைந்தபட்சக் கூடை மதிப்பு 800. அதிகபட்சத் தள்ளுபடி 150." இப்படி ஒரு கூப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடன் கண்ணில் நிற்பது 20 என்ற எண். மற்ற இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கூப்பன் செல்லுபடியாகும் மிகச் சிறிய கூடை 800. அதில் 20 சதவீதம் 160. ஆனால் உச்சவரம்பு 150. ஆகவே 800க்கே கிடைப்பது 18.75 சதவீதம். 1,000க்கு வாங்கினால் 15 சதவீதம், 2,000க்கு 7.5. விளம்பரத்தில் சொன்ன 20 சதவீதம் இந்த உலகில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காது! இதில் பொய் ஒன்றும் இல்லை, நிபந்தனைகள் அப்படி அமைந்திருக்கின்றன.

இப்போது உங்களுக்குத் தேவையான பொருள் 700. கூப்பன் ஏறவில்லை. 100 தானே குறைகிறது என்று 120க்கு இன்னொன்றைச் சேர்க்கிறீர்கள். கூடை 820, அதில் 150 போக 670. வெறும் 700 கொடுத்திருந்தால் முடிந்திருக்கும், இப்போது 30 மிச்சம், கூடவே கேட்காத ஒரு பொருள். மோசமில்லை. ஆனால் சேர்த்த பொருள் 120க்குப் பதில் 300 என்றால்? கூடை 1,000, கட்டுவது 850. மிச்சம் பிடிக்கப் போய் 150 கூடுதல் செலவு.

சேர்த்த 120ஐ அப்புறம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் சிலருக்கு வரும். பல கடைகள் தள்ளுபடியை எல்லாப் பொருள் மேலும் விகிதப்படி பிரித்துவிடும். 120இன் பங்கு ஏறக்குறைய 22, ஆகவே 98தான் திரும்பும். இன்னும் கறாரான கடைகளில், மீதமுள்ள கூடை 800க்குக் கீழே போனதும் முழுத் தள்ளுபடியும் ரத்தாகும். அப்போது திரும்ப வர வேண்டிய 120ஐவிட ரத்தான 150 பெரியது. கைக்கு ஒன்றும் வராது.

இரண்டு கூப்பன்களைச் சேர்த்துப் போட அனுமதித்தாலும் கூட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். 20 சதவீதமும் 10 சதவீதமும் சேர்ந்தால் 30 ஆகாது: 1,000 முதலில் 800 ஆகும், அந்த 800இல் 10 சதவீதம் போக 720. மொத்தம் 28.

அடித்துப் போட்ட பழைய விலையும் ஒரு தந்திரமாக இருக்கலாம். விற்பனைக்கு முந்தைய வாரம் விலையை ஏற்றி, பிறகு குறைத்ததாகக் காட்டுவது பழைய வித்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறையில் உள்ள விதி, விலைக் குறைப்பு அறிவிக்கும்போது முந்தைய 30 நாள்களின் மிகக் குறைந்த விலையைக் காட்டச் சொல்கிறது. அப்படி விதி இல்லாத இடத்தில் அந்த வேலையை நீங்களே செய்யலாம்: வேண்டிய பொருளின் பக்கத்தை இன்றே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விலை அதில் இருக்கும், எடுத்த தேதி படத்தின் விவரங்களில் இருக்கும். ஆஃபர் நாளில் ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சுருக்கமாக, கூப்பனைப் படிக்கும்போது சதவீதத்தைக் கடைசியில் பாருங்கள். குறைந்தபட்சம், உச்சவரம்பு, டெலிவரிக் கட்டணம் மூன்றையும் முதலில். கையிலிருந்து போகும் இறுதித் தொகைதான் விலை.

## அமைத்துக்கொள்ளும் முறை

ஐம்பது பிராண்டுகள் வேண்டாம். அடுத்த மூன்று மாதத்தில் வாங்கியே ஆக வேண்டியவை எவை என்று எழுதுங்கள். அதற்கு ஐந்தாறு பிராண்டுகளுக்குமேல் தேவைப்படாது. (பட்டியல் எழுதாமல் ஃபாலோ செய்வது கடை வாசலில் குடியேறுவதற்குச் சமம்.)

இன்ஸ்டாகிராமில் அந்தப் பக்கத்தை ஃபாலோ செய்தபின், மேலே தெரியும் மணிச் சின்னத்தைத் தொட்டு, ஸ்டோரி அறிவிப்பையும் பதிவு அறிவிப்பையும் இயக்குங்கள். கூப்பனுக்கு ஸ்டோரிதான் முக்கியம், பலர் பதிவை மட்டும் இயக்கிவிட்டு விடுகிறார்கள். அடுத்து, 'ஃபாலோயிங்' என்ற பொத்தானைத் தொட்டால் அந்தக் கணக்கைப் 'ஃபேவரிட்ஸ்' பட்டியலில் சேர்க்கும் வசதி வரும். 2022இல் வந்த இந்தப் பட்டியலில் 50 கணக்குகள்வரை வைக்கலாம். அவற்றை நேர வரிசையில் தனியாகப் பார்க்கலாம். ஃபேஸ்புக்கிலும் 'ஃபேவரிட்ஸ்' உண்டு, அங்கே 30 வரை. செயலியின் பதிப்புக்கேற்ப இந்தப் பொத்தான்கள் இருக்கும் இடம் கொஞ்சம் மாறும்.

எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் ஃபாலோ செய்யவே தேவையில்லை. ஒரு லிஸ்ட் தொடங்கி, அதைத் தனிப்பட்டது என்று குறித்து, பிராண்டுகளை அதில் சேருங்கள். சேர்த்தது அவர்களுக்குத் தெரியாது, உங்கள் முதன்மை ஃபீடும் குப்பையாகாது. வாங்க நினைக்கும்போது மட்டும் லிஸ்ட்டைத் திறந்தால் போதும்.

உண்மையில் பலருக்கு இவற்றைவிடப் பயன் தருவது மின்னஞ்சல். நடுவில் நூலகர் இல்லை, தனிக் குறியீடு அனுப்பலாம், அந்தப் பட்டியல் பிராண்டின் சொந்தச் சொத்து. அதனால்தான் முதல் முறை பதிவு செய்பவருக்கு வரவேற்புத் தள்ளுபடி கொடுக்கிறார்கள். ஜிமெயில் வைத்திருப்பவர்கள் முகவரியில் தங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுக்கலாம். மெயில் அதே பெட்டிக்குத்தான் வரும். அந்தச் சொல்லை வைத்து ஃபில்டர் போட்டால் ஆஃபர் மெயில்கள் தனி மூலையில் சேரும்.

## குறியீடு ஏறவில்லையா?

கையால் தட்டச்சு செய்திருந்தால் சுழியமும் ஆங்கில 'ஓ' எழுத்தும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நகல் எடுத்து ஒட்டியிருந்தால் கடைசியில் ஒரு காலி இடம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதை அழித்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் நிபந்தனைகள். ஏற்கெனவே விலை குறைத்த பொருள்களுக்குப் பல கூப்பன்கள் செல்லாது. கூடையில் அப்படி ஒன்று இருந்து, அதைக் கழித்தபின் மீதி குறைந்தபட்சத்தைத் தொடாமல் போவதுதான் அடிக்கடி நடப்பது. செயலியில் மட்டும் செல்லும் கூப்பனை இணையதளத்தில் போட்டிருக்கலாம். முதல் ஆர்டருக்கு மட்டும் என்றால், பழைய ஆர்டரை உங்கள் கைபேசி எண்ணோ முகவரியோ காட்டிக் கொடுத்திருக்கும். "இன்று நள்ளிரவு வரை" என்பது உங்கள் ஊர் நேரமாக இல்லாமல் பிராண்டின் ஊர் நேரமாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் முதல் 100 பேர், 500 பேர் என்று வரம்பு வைத்து அது தீர்ந்திருக்கும். பணம் கட்டும் முன், பதிவின் ஸ்கிரீன்ஷாட்டோடு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிப் பாருங்கள். காலாவதித் தேதி படத்தில் தெளிவாக இருந்தால் சில கடைகள் மாற்றுக் குறியீடு தரக்கூடும். கட்டிய பிறகு கேட்டால் அநேகமாக மன்னிப்பு மட்டும் வரும்.

## போலிப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது

கூப்பனை எதிர்பார்த்து நிற்கும் கூட்டம் மோசடிக்காரர்களுக்கும் வசதி. ஒரு பிராண்டின் பரிசுப் பதிவில் நீங்கள் கமெண்ட் போட்ட சில நிமிடத்தில் "வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்" என்று மெசேஜ் வரும். அனுப்பியவர் படமும் பெயரும் பிராண்டுடையதே போல இருக்கும். உற்றுப் பார்த்தால் பெயரில் ஓர் அடிக்கோடோ, ஒரு புள்ளியோ, இரட்டித்த ஓர் எழுத்தோ கூடுதலாக இருக்கும். பிறகு டெலிவரிக்குச் சிறு தொகை, கார்டு எண், ஓடிபி என்று வரிசையாகக் கேட்பார்கள். தள்ளுபடி தருவதற்கு எந்தக் கடைக்கும் உங்கள் ஓடிபி தேவைப்படாது.

நீல டிக்கை மட்டும் நம்ப முடியாது. எக்ஸ் 2022 முதலும், மெட்டா 2023 முதலும் அதை மாதக் கட்டணத்துக்கு விற்கின்றன. மெட்டா அடையாளச் சான்று கேட்கிறது என்பது உண்மை. ஆனாலும் டிக் இருப்பது கடையின் நேர்மைக்குச் சான்று ஆகாது. பக்கத்தின் வரலாறு அதைவிட நிறையச் சொல்லும். ஃபேஸ்புக்கில் 'பேஜ் டிரான்ஸ்பரன்சி' பகுதியில் பக்கம் தொடங்கிய நாளும் பழைய பெயர்களும் இருக்கும். இன்ஸ்டாகிராமில் 'அபவுட் திஸ் அக்கவுன்ட்' என்ற இடத்தில் சேர்ந்த தேதி தெரியும். போன மாதம்வரை நகைச்சுவைத் துணுக்குப் பக்கமாக இருந்தது இன்று காலணி பிராண்டாக மாறியிருந்தால், பரிசு காட்டி ஃபாலோயர்களைச் சேர்த்து விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பரிசுப் போட்டியில் சேர "உங்கள் டைம்லைனில் பகிருங்கள்" என்று நிபந்தனை வைப்பதை ஃபேஸ்புக்கின் விதி அனுமதிப்பதில்லை. அப்படிக் கேட்கும் பக்கம், போலி இல்லாவிட்டாலும், விதியைப் படிக்காத பக்கம்.

லிங்க்கைத் தொடும் முன் முகவரியை ஒரு முறை படியுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு உடனே முன்னால் இருக்கும் பகுதிதான் தளத்தின் உண்மையான பெயர். பிராண்டின் பெயர் முன்னால் எங்கோ வந்து, சாய்கோட்டை ஒட்டி வேறொரு பெயர் இருந்தால் அது அந்த வேறொருவரின் தளம். எல்லாவற்றையும்விட எளிய வழி தலைகீழாகப் போவது: பிராண்டின் இணையதளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, பக்கத்தின் அடியில் இருக்கும் சமூக ஊடகச் சின்னங்கள் வழியாக அவர்களின் கணக்குக்கு வந்து, அங்கிருந்து ஃபாலோ செய்யுங்கள்.

## வாங்கி முடித்த பிறகு

பொருள் வந்து, திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்துவிட்டதா? மணிச் சின்னத்தை அணைத்துவிடுங்கள். ஃபாலோவையும் எடுக்கலாம். ஆனால் விளம்பரம் உடனே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடையின் தளத்தில் இருக்கும் 'பிக்சல்' என்ற சிறு நிரல், நீங்கள் வந்து போனதை மெட்டாவுக்குச் சொல்லியிருக்கும். அந்த வருகையை வைத்து 180 நாள்வரையும், பக்கத்தில் லைக், கமெண்ட் போட்டதை வைத்து அதைவிட நீண்ட காலமும் உங்களைக் குறிபார்த்து விளம்பரம் காட்ட முடியும். மெட்டாவின் கணக்கு அமைப்புகளில், வெளித் தளங்களிலிருந்து வரும் உங்கள் நடவடிக்கைகளைக் காட்டும் பகுதி இருக்கிறது. அங்கே போய் அந்தக் கடையின் பெயரைத் தேடி, தொடர்பைத் துண்டித்தால் ஒழிய வாங்கி முடித்த செருப்பே ஆறு மாதம் உங்கள் பின்னால் நடந்து வரும்.